தூக்காத பிள்ளை

16.03.1980, ஞாயிறு

பிரசவத்து நாற்பது நாள் முடிந்து, தங்கச்சி பிள்ளையுடன் அக்கரைப்பற்றிலிருந்து வந்தாள்.

"உங்கட மகன ஒருக்காத் தூக்குங்க ராத்தா" என்று நீட்டினாள்.

வாதத்தால் வீங்கிய என் விரல்கள் பிள்ளையை நழுவவிட்டுவிடும் என்று பயந்தேன். கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "பொறகு தூக்குறன்" என்று தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போய்விட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. தேத்தண்ணியைக்கூட முழுதாகக் குடிக்காமல் பஸ் ஏறினாள்.

"உன்ட கை நோவ அவளுக்குச் சொன்னியா?" என்று இவர் கேட்டார்.

"இல்ல."

"அப்ப அவள் என்ன நினைப்பாள்?"

பிள்ளை இல்லாத எனக்குப் பொறாமை என்றுதான் நினைப்பாள்.

பாரத்தை விரல்களில் பிடிக்காமல் முன்கைகளில் ஏந்தி மார்போடு அணைக்க, ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி தரும் மிஸ் பழக்கியிருந்தார். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. இஷா தொழுதுவிட்டுத் தலையணையை அப்படி ஏந்திக்கொண்டு அறைக்குள் நடந்தேன். நழுவவேயில்லை.