முன்வரிசை இடம்

அடியே தங்கச்சி,

பக்கத்து ரூம்லதான் இருக்கே. ஆனா நேர்ல சொன்னா அழுதுடுவேன்.

எட்டு வருஷம், ரெண்டு பிரசவம் கழிச்சு இன்னிக்குக் கராத்தே வகுப்புக்கு வந்தேன். பழைய பிரவுன் பெல்ட் முடிச்சுப் போடவே எட்டலை. பழக்க தோஷத்துல நேரா சீனியருங்க நிக்கற முன்வரிசைக்குப் போயிட்டேன். அங்கே கறுப்பு பெல்ட்டோட நீ நின்னே. உன் முதல் வகுப்புக்கு நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்த அதே நீ!

நகர்ந்து எனக்கு இடம் விட்டே. எல்லாரும் பார்த்தாங்க. சண்டைப் பயிற்சியிலயும் உன் உதை என் மூக்குக்கு ஒரு விரக்கடை முன்னாடியே நின்னுடுச்சு. மாஸ்டர் உன்னைப் பார்த்து "சபாஷ்"னார். எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது.

பொறாமையான்னு கேக்காதே. பொறாமைதான்.

நாளைக்குக் கடைசி வரிசையில நிக்கறேன். நீ நகராதே. அந்த இடத்தை நானே வந்து பிடுங்கிக்கறேன்.

பல்லைக் கடிச்சுக்கிட்டு,
உன் அக்கா