கருங்கண்ணேரி உடைந்ததென்று தவறிப் போன ஏடு

நீர் நிற்க, நிலம் நிற்க, சொன்ன சொல் நிற்க.

ஏழு ஆறுகளின் முகமும் இரண்டு மலைகளின் முதுகும் தம் குடைக்கீழ்க் கொண்ட நெடுமருத நாட்டின் பேரரசியார், நூல் நோன்பு கண்ட நீலமாதேவியார் திருமுன்புக்கு, அவர்தம் கோட்டையும் களஞ்சியமும் குடிகளும் குறைவின்றி வாழ்க என்று வாழ்த்தி, தென்கோடிக் கருங்கண்ணேரி வாரியத் தலைவர் நக்கபிரானார் விடுக்கும் ஓலை. தலைநகரில் மழை அளவாகப் பெய்து அரண்மனை முற்றம் உலர்ந்திருக்கும் என நம்புகிறோம். இங்கே பதினேழு நாளாக விட்டபாடில்லை.

ஐப்பசித் திங்கள் இருபத்துமூன்றாம் நாள் எழுதப்பட்டது.

ஏரி வாரியத்தின் வழக்கத்தைத் திருமுன்பு அறியும். பிழை நேர்ந்தால், பிழை செய்தவர் எழுத்தறிந்தவராயின், அதைப் பற்றிய ஓலையை அவரே கைப்பட எழுதவேண்டும். நான் என்று எழுதலாகாது. ஊரில் யாரோ ஒருவனைச் சொல்வதுபோலப் பெயர் சொல்லி எழுதவேண்டும். பிறர் பேசிய பேச்சைத் திருத்தி அழகாக்கவும் கூடாது. ஆகவே இவ்வோலையின் முகப்பும் முடிவும் தலைவர் சொல்ல எழுதப்பட்டவை. நடுவே உள்ளது, ஏரிநீரின் அளவை நாள்தோறும் எழுதும் நீர் ஓலைக்காரனாயிருந்த ஆச்சனின் சொந்தச் சொல். எழுத்து கோணியிருந்தால் பொறுத்தருள்க. நேற்று முழுதும் கரையில் மூங்கில் அடித்த கை.

ஆச்சனுக்கு வயது ஐம்பத்திரண்டு. நாற்பத்தேழு வரை அவன் மண் சுமந்தவன். மதகடியில் நிற்கும் அளவுக்கல்லில் வெட்டியிருக்கும் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து, ஈரக் கரையில் கடப்பாரை நுனியால் கீறிக் கீறித்தான் எழுத்துப் படித்தான். பழைய ஓலைக்காரர் கண் மங்கி விலகியபோது, வேறு யாருக்கும் எழுத்து வராததால் அந்த வேலை அவனுக்கு வந்தது. தினம் விடியலில் நீர் எத்தனை முழம், மதகு திறப்பா அடைப்பா, கரை நலமா என்று ஒரே ஏட்டில் எழுதி, வாரியக் குறி கீறி, சுருட்டி மூங்கில் குழாயில் இட்டுத் தலைநகர் வழி ஓடும் ஓட்டக்காரனிடம் கொடுப்பான். ஐந்து ஆண்டுகளில் அவன் எழுதியது அது ஒன்றுதான்.

இந்த ஆண்டு பேரரசியாரின் ஆணை பறையறைந்து வந்தது. ஐப்பசி முப்பது நாளில் ஒரு முழுக்கதை எழுத விரும்புவோர் நோன்பு ஏற்கலாம். நாளுக்கு ஐந்து ஏடு, பொழுது சாயுமுன் ஏட்டுச் சாவடியில் சேர்க்கவேண்டும். ஒருநாள் தவறினாலும் நோன்பு கலையும். முடித்த கதை அரண்மனை நூல்மாடத்தில் வைக்கப்படும். தலைநகரத்தார்க்கு மழை மாதம் வீட்டோடு இருக்கும் மாதம். ஏரிக்கரையில் அது எப்படிப்பட்ட மாதம் என்று ஆச்சன் எழுதப் புகுந்தால் இவ்வோலை முடியாது.

அவன் நோன்பேற்ற செய்தி கேட்டு, மண்கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே அவன் மனைவி வேம்பி கேட்டாள். “காலைல கரை, மத்தியானம் மதகு, சாயங்காலம் அடைப்பு. இதுல ஒமக்குக் கதை வேற கேக்குதா?”

“இந்தக் கையால தண்ணி எவ்வளவுன்னு மட்டுந்தான் எழுதியிருக்கேன் வேம்பி. ஒண்ணாவது என்னுதா எழுதி முடிக்கணும்.”

“முடிச்சு?”

“முடிச்சுட்டுத் தூங்கணும்.”

அவள் சிரித்துவிட்டுப் போனாள். மறுநாள் பனங்குருத்து அறுத்துவந்து, வேகவைத்து, காயவைத்து அவளே ஏடு நறுக்கிக் கொடுத்தாள். நீர் ஓலைக்கு வாரியம் கொடுக்கும் ஏடுகளும் அதே அளவுதான்.

அவன் கதையில் மயிலி என்றொரு பெண். அளவுக்கல் நடுவதற்கு முந்திய காலத்தவள். தினமும் ஏரியில் இறங்கி நின்று, தண்ணீர் முழங்காலா, இடுப்பா, மார்பா என்று தன் உடம்பாலே அளந்து ஊருக்குச் சொல்பவள். முதல் வாரம் கதை தானாக வந்தது. இரண்டாம் வாரம் மழை வலுத்தது; கதை இழுத்தால்தான் வந்தது. எலி வளை அடைக்கக் குனிந்தால் மயிலி பேசுவாள். எழுத உட்கார்ந்தால் வாய் மூடிக்கொள்வாள். சோற்றில் கை வைத்தபடி உறங்கிப்போன நாளும் உண்டு. ஆனாலும் பதினெட்டு நாளும் ஐந்தைந்து ஏடு சாவடிக்குப் போய்விட்டது.

பத்தொன்பதாம் நாளுக்கான ஏடுகளில் கதைக்குள் கரை உடையவேண்டும். உடைவதை எப்படி எழுதுவது என்று ஆச்சனுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்த எழுத்தோ நீர் ஓலை எழுத்து. ஆகவே கதையில் வரும் கரைக்காவலன் அரசருக்கு விடுத்த நீர் ஓலையாகவே அதை எழுதினான். ‘நீர் பதினாறு முழம். வடகரை உடைந்தது. ஏழூரும் மேடேறுக.’ ஓலை என்றால் குறி வேண்டாமா என்று, வாரியக் குறியையும் கீறிவிட்டான்.

அதை அவன் எழுதியது விடியலில், அன்றைய நீர் ஓலையை எழுதிய கையோடு. இரண்டு ஏடும் பலகைமேல் கிடந்தன. ஓட்டக்காரன் வாசலில் நனைந்துகொண்டு, “ஓய், எழுதுறீரா இல்ல ஏட்ட நட்டு முளைக்க வைக்கிறீரா? வழியில ஓடை ஏறுது, குடும்” என்றான். ஆச்சன் ஒன்றைச் சுருட்டிக் குழாயில் இட்டான். மற்றதைக் கதைக்கட்டில் செருகினான். எதைச் சுருட்டினோம் என்று அப்போது அவனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். கண் திறந்திருந்தது, ஆள் உள்ளே இல்லை.

நீர் ஓலையை வழியிலுள்ள முதல் எல்லைத் தூணடியில் பிரித்துப் பார்ப்பதும், உடைப்பு என்று இருந்தால் பறையறைந்துகொண்டே ஓடுவதும் சட்டம். ஓட்டக்காரன் சட்டப்படி செய்தான், அவன்மேல் குற்றமில்லை.

பறைச் சத்தம் ஆச்சனுக்கும் கேட்டது. தன் ஏரி எங்கோ உடைந்துவிட்டது, தான் பார்க்கவில்லை என்று நினைத்தான். வைக்கோல் புரியும் மூங்கில் முளையும் தூக்கிக்கொண்டு வடகரை முழுக்க ஓடினான், பின்பு தென்கரை. ஏரி நிறைந்து, அமைதியாக, அவன் காலையில் எழுதியபடியே பதினோரு முழத்தில் கிடந்தது. எதிரே மொட்டைப்பாறையில், ஏரிக்குக் கீழுள்ள ஏழூர்ச் சனமும் ஆட்டைத் தோளிலும் பிள்ளையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு ஏறுவது தெரிந்தது. உடைப்பைத் தேடித் தேடிக் களைத்து அளவுக்கல்லடியில் உட்கார்ந்தபோதுதான், தேடவேண்டிய இடம் கரையில்லை என்பது அவனுக்கு உறைத்தது.

அவன் பாறைக்கு ஓடிச் சொன்னான். நம்புவதற்கு ஆளில்லை. உடைந்தது என்றபோது உடனே நம்பியவர்கள், உடையவில்லை என்றபோது ஆள் அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார்கள். பார்த்துவந்து, இறங்கி, வீடு சேர மறுநாள் ஆயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. தாழம்பள்ளிக் குயத்தி நாகி, சூளைக்கு அடுக்கிவைத்த நூற்றெண்பது பச்சைப் பானைகளை மூடாமல் ஓடியிருந்தாள். மழையில் அவை மண்ணாகவே திரும்பிப்போயின.

நேற்று முன்தினம் வாரியம் கூடியது. ஏட்டுச் சாவடி மேலாளர் சாத்தியார் முதலில் அழைக்கப்பட்டார். பத்தொன்பதாம் நாள் கட்டில் கதைக்குப் பதில் நீர் ஓலை ஒன்று கலந்திருந்தது உண்மையா, அப்படியானால் நோன்பு அன்றே கலைந்ததா என்று தலைவர் கேட்டார்.

சாத்தியார் சொன்னது: “அது கலந்ததுன்னு எனக்குத் தெரியாதுங்க. மயிலி கழுத்தளவு தண்ணியில நிக்கிறா. அந்த நேரத்துல கரைக்காரன் ‘நீர் பதினோரு முழம், கரை நலம்’னு எழுதி அனுப்புறான். பாவி, பொய் எழுதுறானேன்னு படிச்சேன். இந்த மாசம் என்கிட்ட வந்த நாப்பது பேர் ஏட்டுல அப்படி ஒரு வரி இல்ல. அஞ்சு ஏடுன்னு எண்ணி வாங்கிட்டேன். வாங்கினது வாங்கினதுதான்.”

அதைக் கேட்ட ஆச்சனுக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி பொங்கியது. வழக்கப்படி மறைக்காமல் எழுதவேண்டியிருப்பதால் எழுதுகிறான். அடுத்த நொடியே எதிரில் நாகி நிற்பதைப் பார்த்தான்.

நாகி சத்தம் போடவில்லை. “பானை போச்சு, போகட்டும். மறுபடி மிதிச்சு வனைவேன். இந்த ஆளு வேணும்னு செய்யலன்னும் தெரியுது. மொகத்தப் பாத்தாலே தெரியுது, நின்னுக்கிட்டே தூங்குறாரு. என் பயம் வேற. நாளைக்கு நெசமாவே உடைஞ்சு, பறை அடிச்சுக்கிட்டு வந்தா, நான் ஏறமாட்டேங்க. கதையா இருக்கும்னு பானைய அடுக்கிக்கிட்டு நிப்பேன். எங்க ஊர்ல பாதிப் பேரு நிப்பாங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?”



பிறகு தலைவர் ஆச்சனை எழுந்து நிற்கச் சொன்னார். நீர் எழுதும் கை பொய்யே எழுதாத கை என்று ஏழூரும் நம்பினால்தான் அந்த ஓலைக்கு உயிர். ஆகவே ஒரே கையில் நீரும் கதையும் இனி ஆகாது. ஒன்றைக் கீழே வைக்கவேண்டும் என்றார். நீர் ஓலையை வைத்துக்கொண்டால் கதை இருபத்தோராம் நாளோடு நிற்கும். கதையை வைத்துக்கொண்டால் நீர் ஓலை, ஆச்சனிடம் எழுத்துப் படித்த இளையவன் கொற்றனுக்குப் போகும். ஆச்சன் பழையபடி மண் சுமக்கவேண்டும், இந்த மழையில், இந்த வயதில், ஓலைக்குடிலின் கூரையும் இல்லாமல். ஒருநாள் யோசித்துச் சொல்லவும் இடம் கொடுத்தார்.

ஆச்சன் வேம்பியைப் பார்த்தான். அவள் தலையில் சாக்கு போர்த்திக்கொண்டு வாசலோரம் நின்றாள். “என்ன ஏன் பாக்குறீரு? எழுதுறது நீரு. சுமக்குறதும் நீரு” என்றாள். பிறகு, “என் கூடைக்குப் பக்கத்துல இன்னொரு கூடை கெடக்கு” என்றாள்.

அவன் இடுப்பிலிருந்த வாரியத்து எழுத்தாணியை எடுத்துத் தலைவர் முன் பலகையில் வைத்தான். “கொற்றன் நல்லாத் தூங்குறவன். அவன் எழுதட்டும். அவன் எழுதினா நாகி ஏறுவா” என்றான்.

நேற்று அவன் கரையில் வேலைக்கு நின்றான். மாலை ஏடு எழுதும்போது எழுத்தாணி விரலில் நிற்காமல் வழுக்கியது. தோள் வீங்கியிருக்கிறது. ஐந்து ஏடும் சாவடிக்குப் போய்விட்டன. நல்ல ஏடுகள் என்று சொல்லமுடியாது. ஆச்சன் சொல்ல இருந்தது இவ்வளவே.

இனி வரும் சொல் வாரியத் தலைவருடையது.

பேரரசியார் திருமுன்பு அறியவேண்டிய ஆணைகளாவன: கருங்கண்ணேரியின் நீர் ஓலை இருபத்திரண்டாம் நாள் முதல் கொற்றன் கையால் வரும், அவ்வெழுத்தை ஐயமின்றி நம்பியருள்க. கொற்றன் ஏழூருக்கும் நேரில் சென்று தன் எழுத்தைக் காட்டி வருவான். குயத்தி நாகிக்கு அவள் இழந்த மண்ணுக்கு ஈடாக ஏரி வண்டல் அறுபது கூடை, ஆச்சன் தன் தோளில் சுமந்து, கரை வேலைக்குப் புறம்பாக, நோன்பு முடிந்தபின் கொண்டு சேர்க்கக் கடவன். நூல் நோன்பை ஏரியூர்களுக்கு மட்டுமேனும் பங்குனிக்கு மாற்றித் தரத் திருவுளம் கொள்ளவேண்டுமென்றும் இவ்வாரியம் பணிந்து கேட்டுக்கொள்கிறது. ஆச்சனின் கதை முடிந்தால் அது எவருடைய கதைக்கும் கீழே வைக்கப்படாமலும் மேலே வைக்கப்படாமலும், முடித்தவர் வரிசையில் வைக்கப்படுக.

மேலும் எழுதவேண்டியவை சில உள. மழை இப்போது சற்று விட்டிருக்கிறது, பொழுது சாய இன்னும் நான்கு நாழிகையே உண்டு, எழுதுகிறவனுடைய இன்றைய ஐந்து ஏட்டில் ஒன்றும் எழுதப்படவில்லை. ஆகையால் அவன் கையை விடுவித்து, இவ்வோலை இத்துடன் நிறுத்தப்பட்டது.

கருங்கண்ணேரி வாரியத்து மதகு முத்திரை, நக்கபிரானார் முன்னிலையில் அரக்கில் இடப்பட்டது. கொண்டு செல்வோர் நனையாமல் கொண்டு செல்க.