தாளம் சேராத விரல்கள்

லூனாஸ்,
6.4.1952

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை புஷ்பவள்ளியின் வணக்கம்.

அம்மா சுகம். பிரேமாவதி அண்ணியும் சுகம். வளைகாப்புக்கு நீங்கள் வராத கோபம்தான் இன்னும் தீரவில்லை.

டவுன் பள்ளியில் சனிக்கிழமைகளில் பரஞ்சோதி மிஸ்ஸி வகுப்பு வைக்கிறார். ஆஸ்பத்திரி நர்ஸ் அவர். எங்கள் வயதுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, எதையும் கையால் தொட்டுச் செய்து பார்க்கச் சொல்கிறார். என் விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். அண்ணே, ரத்தம் வெறும் சிவப்புத் தண்ணீர் இல்லை! குட்டிக் குட்டி வட்டங்கள், எண்ணவே முடியாது. அத்தனையும் எனக்குள் ஓடுகின்றன என்று நினைத்தால் இப்போதும் மேல் சிலிர்க்கிறது.

வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் குழலை மூங்கிலும் தகரப் புனலும் வைத்து நாங்களே செய்தோம். தோட்டத்து முள்வேலிக் கேட்டில் காவல்காரர், மூங்கிலுக்குள் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக்காரர்களுக்கு அரிசி கடத்துகிறேனோ என்று உதறிப் பார்த்தார்.

பினாங்கு நர்ஸ் பயிற்சிக்கு என்னை அனுப்பலாம் என்கிறார் மிஸ்ஸி. உங்கள் சம்மதம் வேண்டும்.

உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
புஷ்பா


கோத்தா கோலா மூடா,
15.4.1952

அன்புத் தங்கைக்கு,

உன் ரத்தத்தைப் பார்த்தது போதும். நீ வைக்கும் ரசத்தை ஒரு சொட்டு அந்தக் கருவியில் போட்டுப் பார். புளி இருக்கிறதா என்று எனக்கு எழுது.

விளையாட்டு இருக்கட்டும். மூசா முதலாளியின் மீன் லாரியை நான் ஓட்டும் சாலையில் போன மாதம் ஒரு லாரியைக் காட்டுக்காரர்கள் கொளுத்திவிட்டார்கள். இந்த நேரத்தில் வயது வந்த பெண் முள்வேலியைத் தாண்டி டவுனுக்குப் போவதா? பெண்டாங் ஊரிலிருந்து அறுவடை முடிந்ததும் உன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். வகுப்பை நிறுத்து.

அண்ணியின் பிரசவத்தை மருத்துவச்சி ராக்காயி அக்கா லயத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்வார். அவளை அந்தச் சாலையில் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை.

அண்ணன்,
அழகேசன்


லூனாஸ்,
27.4.1952

அன்புள்ள அண்ணனுக்கு,

வகுப்பை நிறுத்திவிட்டேன். குழலை மட்டும் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அண்ணியின் வயிற்றில் வைத்துக் கேட்டேன். கீழே இடப்பக்கம் ஒரு துடிப்பு. மேலே வலப்பக்கம் இன்னொன்று, அதைவிட வேகமாக.

“ஒரே சத்தம் ரெண்டு பக்கமும் கேக்கும்லா, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு,” என்றார் அம்மா.

மிஸ்ஸிக்குச் சொல்லி அனுப்பினேன். என்னோடு வகுப்பில் இருந்த, சாப்பாட்டுக்கடை ஹனீபா மாமாவின் மகள் ரஹீமாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். நான் ஒரு பக்கம், ரஹீமா மறுபக்கம். அவரவர் காதில் விழும் துடிப்புக்கு ஏற்ப விரலால் பலகையைத் தட்ட வேண்டும். மிஸ்ஸி விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் அண்ணி மூச்சு விட்டாலே வளையல் குலுங்குகிறது! கழற்றக் கூடாது என்று அம்மா ஒரே பிடிவாதம். கடைசியில் இரண்டு கையிலும் துண்டைச் சுற்றிவிட்டோம்.

தட்டினோம். முதலில் சேர்ந்து விழுந்த விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகின. என் விரல் முந்தியது. மறுபடி ஒருமுறை சேர்ந்தது, மறுபடி விலகியது.

“தாளம் சேரல, ரெண்டு உயிரும்மா,” என்றார் மிஸ்ஸி. அண்ணி அழுதார். நானும்தான்.

ஒன்று குறுக்கே கிடக்கிறதாம். ராக்காயி அக்காவே தொட்டுப் பார்த்துவிட்டு, “இது என் கைக்கு அடங்காது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க,” என்கிறார். நீங்கள் சொல்லாமல் அம்மா அனுப்ப மாட்டார்.

எனக்குப் பினாங்கு வேண்டாம் அண்ணே. பெண்டாங்குக்கே வாழ்க்கைப்பட்டுப் போகிறேன். அண்ணியை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

புஷ்பா


சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரி,
9.5.1952

அன்புத் தங்கை புஷ்பாவுக்கு,

இரண்டும் பெண். குறுக்கே கிடந்தவளை வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். லயத்தில் இருந்திருந்தால் மூவரையும் இழந்திருப்போம் என்றார் டாக்டர். அண்ணி கண் விழித்ததும் முதலில் உன்னைத்தான் கேட்டாள்.

உன் கடிதம் கண்டு ஓடிவந்து அன்று உங்களையெல்லாம் லாரியில் ஏற்றி வந்தபோதுகூட நான் உன்னை நம்பவில்லை. நீங்கள் வீடு திரும்பியபின் அதை இங்கிருந்த நர்ஸிடம் சொன்னேன். அவர் ஒரு குழலைக் கொடுத்து, நீயே கேள் என்றார். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். என் பிள்ளையம்மா! ஒரு துடிப்பு கேட்டது. இன்னொன்றை எவ்வளவு தேடியும் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

அந்த இன்னொருத்திதான் இப்போது என் மடியில் கிடந்து ஊரைக் கூட்டுகிறாள்.

பெண்டாங்குக்காரர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பினாங்குக்கு நானே உன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். லாரியில் மீன் நாறும், பொறுத்துக்கொள். குழலை மறக்காமல் எடுத்து வை. கேட்டில் காவல்காரர் கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அண்ணன்,
அழகேசன்