துளிக்குள் கம்பெனி

மார்கழி, ஞாயிறு.
நல்ல பனி. போன வாரம் ஏரிக்கரையில் பூச்சிகள் எடுத்தேன். மருமகள் கலா வாங்கிக் கொடுத்த சின்ன லென்ஸைப் போனில் மாட்டிக்கொண்டு கம்பெனிக் கால்வாய்க் கரைக்குப் போனேன். புல் நுனியில் பனித்துளி. கண்ணுக்கு எள் அளவு, போனில் கோலிக்குண்டு. கொஞ்சம் அசைந்தாலும் கலங்கிவிடுகிறது. கலா சொன்னபடி முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டேன். தெளிவாக வந்தது. பாதிக்கு மேல் மங்கல், நாலைந்து தேறும். பக்கத்தில் ஆள் இல்லை, சத்தமாகச் சிரித்தேன். முட்டி வலி.

திங்கள்.
மறுபடி அதே இடம். குப்புறப் படுத்திருந்தேன். தலைமாட்டில் பூட்ஸ். கம்பெனி வாட்ச்மேன்.
"இன்னா பெருசு, படுத்துக்கினு கம்பெனிய படம் புடிக்கிற?"
"கர்த்தர் மேல சத்தியமா இல்ல தம்பி. பனித்துளி."
"ஏன், உங்க ஊட்டாண்ட பனி பெய்யலியா?"
போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். புல், துளி, புல். இருந்தும் விடவில்லை. யார் என்று கேட்டான். சாமுவேல் அப்பா என்று சொல்லித் தொலைத்தேன். என் மகனுக்கு அங்கேதான் காண்ட்ராக்ட் வேலை. நாளைக்கு அவன் கையில் போனைக் கொடுத்தனுப்ப வேண்டும், ஆபீசர் பார்ப்பாராம்.

அன்றே, சாயங்காலம்.
படத்தை இரண்டு விரலால் விரித்தேன். துளிக்குள் கம்பெனி! தலைகீழாக. புகைக்கூண்டு கீழே தொங்குகிறது. சுவர், குழாய், குழாயிலிருந்து கால்வாயில் விழும் கறுப்புத் தண்ணீர், எல்லாம். எள் அளவில் இவ்வளவா! ஆனந்தம். அடுத்த நொடி வாட்ச்மேன் ஞாபகம். சத்தியம் செய்திருக்கிறேன்.
சாமுவேலிடம் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது.
"நைனா, இந்த மாசம்தான் பர்மனென்ட் லிஸ்ட் போடறாங்க. நீ கொழாய படம் புடிச்சிக்கினு வந்து நிக்கிற!"
கலா: "துளி படத்த மட்டும் அழிங்க மாமா. பூச்சிங்க இருக்கட்டும். காலி போனு குடுத்தா இன்னும் சந்தேகம்தான்."
அழித்தேன். அழித்தது போனுக்குள்ளேயே வேறு இடத்தில் கிடக்குமாம், அதையும் அவளே காலி செய்தாள். எறும்பு, வண்டு, தட்டான் மட்டும் மிச்சம். மூன்றும் ஏரிக்கரையில் எடுத்தவை.

செவ்வாய்.
சாமுவேல் போனோடு போய்விட்டான். இட்லி இறங்கவில்லை. அவனை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்களோ. வாழையிலையில் நத்தை, எடுக்கப் போன் இல்லை. தெருவில் எந்த வண்டி நின்றாலும் எழுந்து வாசலுக்குப் போனேன்.
சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தான். ஆபீசருக்குத் தட்டான் படம் பிடித்துப்போயிற்றாம். பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை கால்வாய்த் தண்ணீரைச் சோதிக்க அரசாங்க ஆட்கள் வருகிறார்களாம், தட்டான் இருந்தால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தமாம்.
"நம்ம கால்வாய்ல எடுத்ததுன்னு சொல்லிட்டேன் நைனா. நாளைக்கு உன்னக் கூப்புடறாங்க. நீயும் அதையே சொல்லு."
"ஏரில எடுத்ததுடா."
"ஏரின்னு வாயத் தொறந்த, என் வேல போச்சு."

புதன்.
மேகமூட்டம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சாமுவேலோடு போனேன். ஆபீஸ் சுவரில் தட்டான், அதன் கண் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவு. நான் எடுத்தது! கிட்டே போய்த் தொட்டும் பார்த்தேன்.
ஆபீசர் கேட்டார்: "நம்ம கால்வாய்ல எடுத்ததுதானே பெரியவரே?"
சாமுவேல் தரையைப் பார்த்தான்.
"ஆமாம் சார்."
கை குலுக்கினார்.
"வெள்ளிக்கிழமை நீங்களும் வாங்க. வர்றவங்க கண்ணு முன்னாடியே கரையில படுத்து இதே மாதிரி ஒண்ணு எடுத்துக் காட்டிடுங்க."

வியாழன்.
விடிந்ததும் கால்வாய்க்குப் போனேன். வாட்ச்மேன் சல்யூட் அடித்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குனிந்து தேடினேன். ஒரு கொசுகூட இல்லை.