அடைக்கோழியும் அண்ணன் வைத்த கெடுவும்

12-1-1976, திங்கள்

இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். "ஏளா ஜெயா, ஒன் கோழிக்குப் போடுத தீனிச் செலவுக்கு முட்டையக் கடையிலயே வாங்கித் தின்னுட்டுப் போயிரலாம். ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள அதுக சாப்பாட்ட அதுகளே சம்பாதிக்கணும். இல்லன்னா கறிச்சட்டிதான்."

வெள்ளைக் கோழிகள் ஐந்து. நாசரேத் பக்கம் ஒரு பண்ணையில் வாங்கியது. எனக்கு வயது முப்பத்தாறு, மிஷன் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர், கல்யாணம் இல்லை. இந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல அந்த ஐந்துதான். சம்பளம் கவரோடு அண்ணன் சுந்தர்சிங் கைக்குப் போய்விடும். அவனுக்குத் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலை. வீட்டுக்கு வந்தும் எண்ணுவதை நிறுத்துவதில்லை.

"குஞ்சு பொரிச்சு வித்துக் காட்டுதேன்" என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. குஞ்சு பொரிக்கச் சேவல் வேண்டுமே. என்னிடம் ஏது சேவல்? மதினி கிருபை அடுப்பைப் பார்த்துச் சிரித்தாள்.

15-1, வியாழன்

பக்கத்துக் கடை ராஜதுரை அண்ணாச்சி தன் சேவலை இரவல் தந்தார். "டீச்சர், பய கொஞ்சம் வாயாடி" என்றார்.

16-1, வெள்ளி

காலை ஜெபம். அண்ணன் "கர்த்தாவே" என்கிற ஒவ்வொரு தடவையும் கொல்லையிலிருந்து சேவல் பதில் கொடுத்தது. மதினியின் தோள் குலுங்கியது. நான் ஆமென் வரை கண்ணைத் திறக்கவே இல்லை. பக்தி காரணமல்ல.

31-1, சனி

பண்ணைக் கோழி அடை உட்காராது. முட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும். குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எல்லாருக்கும் அந்த ஆசை இருந்துதான் ஆகவேண்டுமா என்ன?

ஏரல் சந்தைக்குப் போய் அடைக்கு நின்ற நாட்டுக்கோழி ஒன்று வாங்கினேன். பஸ்ஸில் கண்டக்டர் மடக்கினான். "கோழிக்கு டிக்கெட் எடுக்கணும்."

"அதுக்கு மூணு வயசு ஆகல. சின்னப் பிள்ளைக்கு ஃப்ரீ தான?"

"பிள்ளைன்னா மடியில வச்சுக்கிடணும்."

வைத்துக்கொண்டேன். சேலையை நாசம் பண்ணிவிட்டது. டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டான், பாவி.

1-2, ஞாயிறு

பஸ் குலுக்கலில் அடை கலைந்திருக்குமோ என்று பயந்தேன். இல்லை. கூடையில் வைக்கோல் போட்டு, பன்னிரண்டு முட்டை வைத்து, நாட்டுக்கோழியை இறக்கிவிட்டேன். மகாராணி மாதிரி உட்கார்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தது. இனி நீ போகலாம் என்ற பார்வை.

22-2, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ஒன்பது பொரித்திருக்கிறது! ஓட்டுக்குள் முதல் கீச்சுச் சத்தம் கேட்டபோது நானும் மதினியும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டோம். பத்து வருஷத்தில் அவள் கையை இப்போதுதான் பிடிக்கிறேன். எவ்வளவு காய்த்துப்போன கை.

9-3

பருந்து ஒன்றைத் தூக்கிவிட்டது. ஏரல்காரி அதை வேலி வரை விரட்டிப் பறந்தாள். கோழி இவ்வளவு உயரம் பறக்கும் என்று எனக்குத் தெரியாது.

22-3, திங்கள்

வியாபாரம். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி: "பொட்டையா, சேவலா?" எனக்கென்ன தெரியும்? எட்டாவது ஆளிடம், "டீச்சர் வீட்டுக் குஞ்சு, எதுவானாலும் ஒழுக்கமா வளரும்" என்றேன். எட்டும் போய்விட்டன. வாங்கியவர்கள் எல்லாரும் என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள். பரீட்சை நெருங்குகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நம்புகிறேன்.

10-4, சனி

செல்லத்தாய் குஞ்சைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தாள். "டீச்சர், முட்ட போடும்னு வாங்குனேன். இது கூவப் பழகுது!" பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். திரும்பி வந்த மூன்றையும் இரவல் சேவலோடு சேர்த்து அண்ணாச்சி கடைக்கே அனுப்பிவிட்டேன்.

11-4, குருத்தோலை ஞாயிறு

கூட்டிப் பார்த்துவிட்டேன். முட்டைக் காசைச் சேர்த்தும் நஷ்டம். தவிடு, குருணை, ஏரல் கோழி விலை, அந்தப் பாழாய்ப்போன பஸ் டிக்கெட். குஞ்சுகள் விற்கிற வயசு வருவதற்குள் தங்கள் விலையில் பாதியைத் தின்று விடுகின்றன. பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அண்ணன் முகத்தில் என்ன ஒரு சந்தோஷம்! அப்போதுதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அண்ணே, கோழிக் கணக்கு சரி. ஒன் சிகரெட்டு என்ன முட்ட போடுது? சனிக்கிழம சீட்டாட்டம் என்ன குஞ்சு பொரிக்கி? பதினாலு வருசமா என் சம்பளத்த வாங்குதியே, எனக்கு எவ்வளவு தீனி போட்டேன்னு ஒரு நாளாவது சொன்னியா?"

"பொம்பளைக்கு எதுக்குளா துட்டு?" என்றான். சத்தம்கூடப் போடவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டான். அதுதாம் தாங்கல. திட்டிருந்தாக்கூட அழுதிருக்க மாட்டேன்.

18-4, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனை முடிந்து வருகிறேன், மசாலா வாசம். வெள்ளைக் கோழி ஐந்தும் மேய்கின்றன. கூடை காலி.

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். ஏரல்காரி எழவில்லை.

"நாட்டுக்கோழிதாம்ளா ருசி" என்றான் அண்ணன். மதினியின் கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்றாள். நான் கேட்காமலே என் தட்டில் ரசம் ஊற்றினாள்.

30-4, வெள்ளி

சம்பளக் கவரை வாங்கி நேராகத் தபாலாபீஸ் போனேன். என் பெயரில் பாஸ்புக். கையெழுத்தை நிறுத்தி நிதானமாக, எழுத்தெழுத்தாகப் போட்டேன். கிளார்க் மாடக்கண்ணு, "டீச்சர், பரீட்சையா எழுதுதிய?" என்று கேட்டார்.

வீட்டில் சொன்னேன். அண்ணன் மூன்று தடவை "என்னது?" என்றான்.

4-5, செவ்வாய்

ஜார்ஜ் ரோட்டுப் பக்கம் ஒரு ரூம், பின்னால் கொஞ்சம் மணல். வீட்டுக்கார அம்மா "தனியாவா?" என்றாள். "ஆறு பேர்" என்றேன். ரிக்‌ஷாவில் கோழிகளோடு போனதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. ஊர்வலம் போலத்தான் இருந்தது. கை அசைத்தேன்.

20-5

கோழிகள் இப்போதும் நஷ்டத்தில்தான் ஓடுகின்றன. குஞ்சு வியாபாரம் இனி இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, தீனி வாங்குகிறேன், அவ்வளவுதான்.

4-6, வெள்ளி

சாயங்காலம் மதினி வந்து நின்றாள். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன், ஜெயா." அவள் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியை நானும் ரிக்‌ஷாக்காரரும் சேர்ந்துதான் இறக்கினோம். இன்னொரு பாய் விரித்தேன்.

5-6, சனி

விடியுமுன் மதினி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "இங்கன எத்தன மணிக்கு அடுப்புப் பத்த வைக்கணும்?"

"யாருக்கு?" என்றேன்.

அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்தாள். பிறகு போர்வையை இழுத்து மூடித் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.