வெள்ளைக் குளிசையின் பெயர்

திங்கள், 3
காலையிலிருந்தே கச்சான் காற்று. குசினியெல்லாம் மணல். மெலியவென்று விழுங்கும் குளிசை குப்பியில் நாலே. கொழும்பிலும் இனி இல்லை, நீரே தேடும் என்று மச்சாள் சொல்லியனுப்பியிருந்தாள். கந்தோர் விட்டதும் கபூர் நானாவின் பாமசிக்குப் போனேன்.

"கொம்பனிப் பேரில இனி வராது தங்கச்சி. மருந்தின்ர சொந்தப் பேரில அரசாங்கம் இறக்குது. இந்தா பாருங்கோ, அதே சாமான்தான். டொக்டர் எழுதின துண்டு இருந்தாத் தாறன்."

வெறும் வெள்ளைக் குளிசை. பெட்டியில் படமில்லை. என் குப்பியில் இருப்பதுபோல் மெலிந்த பெண்ணில்லை. பொய்யன். விற்காததைத் தள்ளிவிடப் பார்க்கிறான்.

வாங்க: மண்ணெண்ணெய், கறுப்பு நூல், வாசுகிக்குப் பள்ளிக்கூடக் கொப்பி. பாண் கியூவுக்கு ஐந்து மணிக்கே.

புதன், 5
பாதி பாதியாக உடைத்துக் குடித்தும் இன்றோடு சரி. தலையிடி. வாசுகி கரண்டியைக் கீழே போட்டாள். அறைந்துவிட்டேன். ஏழு வயது. கன்னத்தில் விரல் அடையாளம்.

பின்னேரம் மச்சாள் வந்தாள். இவருடைய அக்கா. போன வருடம் கலியாண வீட்டில், "பாத்து இரும், கதிரை முறியப் போகுது" என்று சபையில் சொன்னவள். அடுத்த கிழமை குப்பியும் அவள்தான் கொண்டுவந்தாள்.

"வெள்ளைக் குளிசை காசில்லாததுகளுக்கு. பேர் இல்லாத மருந்து என்ன மருந்து? பழையபடி பீப்பாதான் நீர்."

இவர் சிரித்தார். இவரும் சிரித்தார்!

வெள்ளி, 7
லீவு. எழும்ப ஏலாது. பகல் இரண்டு மணி வரை நித்திரை, பிறகு காரணமில்லாத அழுகை. மானத்தை விட்டு நானாவிடம் போனேன். வெள்ளையையே தாங்கோ என்றேன்.

"அண்டைக்கே சொன்னன், டொக்டர்ர துண்டு வேணும், தங்கச்சி."

"மச்சாள் ஒரு துண்டும் இல்லாமத்தான் எடுப்பிச்சுத் தந்தவ."

"அது கொழும்புக் கடைக்காரன்ர பிழை. நான் தரமாட்டன்."

மருந்தின் பெயரைக் கடுதாசியில் எழுதித் தந்தார். அம்பெற்றமின். பதினாறு மாதம் விழுங்கியதன் பெயரை இன்றுதான் வாசிக்கிறேன்.

சனி, 8
ஆஸ்பத்திரி. வாங்கிலில் இரண்டு மணித்தியாலம் காத்திருப்பு. டொக்டரம்மா கடுதாசியைப் பார்த்தார்.

"எவ்வளவு காலமாக் குடிக்கிறீங்கள்?"

சொன்னேன், வெறும் குப்பியையும் காட்டினேன். பேனையைக் கீழே வைத்தார்.

"நித்திரை இல்லை, நெஞ்சு படபடப்பு, சும்மா சும்மா கோபம். ஓமோ?"

ஓம். மாசியில் படபடப்பென்று இந்த டொக்டரம்மாவிடமே வந்தனான். வேறு மருந்து குடிக்கிறீங்களோ என்று கேட்டவர். டொனிக் மட்டும் என்றேன். அப்படிச் சொல்லச் சொன்னதும் மச்சாள்தான்.

"இது சில கிழமைக்கு மேல குடிக்கிற மருந்தில்லை. அந்தக் குப்பியும் இந்த வெள்ளையும் ஒண்டுதான், அம்மா. துண்டு தரமாட்டன். கொஞ்ச நாள் உடம்பு சோரும். நல்லாச் சாப்பிட்டு நித்திரை கொள்ளுங்கோ. கிழமைக்கு ஒருக்கா வந்து காட்டுங்கோ."

நானா பொய் சொல்லவில்லை.

ஞாயிறு, 9
மச்சாள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. எல்லார் முன்னும் கேட்டேன். "கனநாள் குடிக்கக்கூடாதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"கடைக்காரன் சொன்னவன்தான். ஆனா வடிவா மெலிஞ்சிட்டீரே!" மீன்குழம்பை வார்த்தபடி.

இவரைப் பார்த்தேன். பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு, "அக்கா நல்லதுக்குத்தானே செய்தவ."

திடுக்கிடவே இல்லை. இவருக்கும் தெரியும். பதினாறு மாதமும், ஒரே கட்டிலில்.

வாசுகியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கடற்கரை ரோட்டால் நடந்தோம். இவர் வரவில்லை. சாப்பிட்டு முடித்து நாலு மணிக்குத்தான் வந்தார்.

வழியில் பிள்ளை கேட்டாள்: "இனி அடிக்கமாட்டீங்கள்தானே, அம்மா?"

செவ்வாய், 11
கந்தோர். கண் சொக்குகிறது. ஒரே கடிதத்தை மூன்று தரம் டைப் அடித்தேன். பக்கத்து மேசை பரீதா, அடுத்த மாதம் கலியாணம், கதிரையை இழுத்துப்போட்டு வந்தாள்.

"அக்கா, மாமி என்னைக் குண்டெண்டு சொல்லிட்டா. நீங்க மெலிஞ்ச குளிசையின்ர பேரைச் சொல்லுங்கோவன்."

சொன்னேன். பேரோடு மற்றதையும். நெஞ்சடிப்பு, பொய், பிள்ளையின் கன்னம். குரல் உயர்ந்திருக்க வேண்டும், டைப்ரைட்டர்கள் எல்லாம் நின்றன. பெரிய கிளாக்கர் எழும்பி வந்து, "மிஸிஸ், இது கந்தோர்" என்றார்.

"ஓம் சேர். இன்னும் முடியேல்லை" என்றேன்.