பக்கத்து மூச்சு

மார்ச் 4

கண்ணாடிக் கடையில் வலது கண் லென்ஸை ஃப்ரேமின் இடது பக்க அளவுக்கு வெட்டிவிட்டேன். ஒரே மாதத்தில் இது இரண்டாவது முறை. முதலாளி திட்டவில்லை, திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தூக்கத்தைச் சரிசெய்துகொள்ளும்வரை மெஷின் பக்கம் வரக்கூடாதாம். பில் போடும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்.

மார்ச் 7

தூக்க மாத்திரை கேட்டுப் போனேன். டாக்டர் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். என் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. படுக்கை தூங்க மட்டும்தானாம். இரவு ஒரு மணிக்கு முன்னால் படுக்கக்கூடாது, காலை ஆறு மணிக்கு எழுந்தே ஆகவேண்டும். தூக்கம் வராவிட்டால் புரளாமல் எழுந்து வேறு அறைக்குப் போகவேண்டும். தூக்கமில்லாதவளைப் படுக்காதே என்று சொல்ல ஒரு படிப்பு!

படுத்ததும் என்ன நினைப்பு வரும் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

மார்ச் 8

பொய். பக்கத்தில் படுத்திருக்கும் என் வீட்டுக்காரர் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன். போன வருடம் தூக்கத்திலேயே அவருக்கு நெஞ்சுத் துடிப்பு நின்றது. நான் தற்செயலாக விழித்திருந்ததால் பிழைத்தார். விழித்திருக்காவிட்டால்?

மார்ச் 15

தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுகிறேன். ஆனால் வேறு அறைக்குப் போவதில்லை. நாற்காலியை அவர் தலைமாட்டில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

இருட்டில் முகம் தெரிவதில்லை. அவரைப் போல ஏதோ ஒன்று படுத்திருக்கிறது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. அதற்குள் மனசில் நான் மகளுக்குப் போன் செய்து, கூடத்தில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து, எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் மூச்சு வரும். தினமும் இப்படித்தான். யார்கிட்ட சொல்றது?

மார்ச் 22

ஆலோசகரிடம் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "நீங்க பார்த்துக்கிட்டு இருந்ததாலயா அவர் மூச்சு விட்டாரு, இல்ல அவரே விட்டாரா?" என்று கேட்டாள். பளாரென்று அறையலாம் போலிருந்தது. அடுத்த முறை அவரையும் அழைத்துவரச் சொன்னாள்.

மார்ச் 29

நாற்காலி விஷயத்தை அவரிடம் நானே சொன்னேன், ஆலோசகர் முன்னால். அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளிடம்தான் பேசினார். "எனக்குத் தெரியும்மா. முன்னாடியெல்லாம் முழங்கையை ஊனி எட்டிப் பார்ப்பா, இப்ப நாற்காலி. அவ அசைஞ்சாலே எனக்கு முழிப்பு வந்துடும். மூச்சு நல்லா கேட்டா போய்ப் படுப்பாளேன்னு வேணும்னே சத்தமா இழுத்து விடுவேன்."

எத்தனை நாளாக என்று கேட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்தாம்.

அட பாவி மனுஷா. நெஞ்சு நோய்க்காரரை ஒரு வருஷமா தூங்க விடாம வெச்சிருந்தது நான்தானா!

ஏப்ரல் 2

நாற்காலியைக் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். அங்கேயே உட்கார்ந்தேன். அங்கிருந்து எதுவும் கேட்கவில்லை, ஃபிரிட்ஜ் ஓடும் சத்தத்தைத் தவிர. இப்ப நின்னிருக்குமோ? இப்ப? கதவுவரை போய்த் திரும்பி வந்தேன்.

ஏப்ரல் 3

போய்ப் பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 11

போகவில்லை. கண் மூடினால் அந்த இரவு வருகிறது, அவர் உதடு நீலமாகிறது. இருந்தாலும் போகவில்லை.

ஏப்ரல் 20

அலாரம் அடித்துத்தான் எழுந்தேன். ஜன்னலில் வெளிச்சம். அவர் சுவர் பக்கம் திரும்பி, வாயைத் திறந்துகொண்டு, தலையணையெல்லாம் எச்சில் வடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை.

நேற்று இரவு அவர் எப்படி மூச்சு விட்டார் என்று எனக்குத் தெரியாது.